பழைய காருக்கு ஸ்ட்ரட் மாத்தப் போறீங்களா? பர்ஸைத் திறக்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் படிங்க

என்கிட்ட இருக்குறது 2009 மாடல் ஸ்விஃப்ட், பெட்ரோல், ஓடோமீட்டர் ஒன்றரை லட்சத்தைத் தொடப்போகுது. போன வருஷம் முன்னாடி கிளீனர் சைடுல இருந்து சின்னச் சின்ன பள்ளத்துக்கெல்லாம் டொக் டொக்னு ஒரு சத்தம். ஒரு ஒர்க்‌ஷாப்புல விட்டேன், "சார் ஷாக் போயிருச்சு, ரெண்டு பக்கமும் மாத்திரலாம்"னாங்க, மாத்தினாங்க, காசு கொடுத்தேன், கேட்டைத் தாண்டி ரோட்ல ஏறுன முதல் ஸ்பீடு பிரேக்கர்லயே திரும்ப டொக் டொக். அப்புறம் வேற ஒரு வயசான மெக்கானிக் வண்டிக்கு அடியில கைய விட்டு ஒரு கம்பியப் புடிச்சு ஆட்டிக் காட்டினார், தேஞ்சுபோன லிங்க் ராடு, வளைவுல வண்டி சாயாம புடிக்கிற கம்பிய சக்கரத்துப் பக்கம் சேக்குற சின்ன ராடு. நான் மாத்தின ஸ்ட்ரட், அதாவது ஸ்ப்ரிங்கும் ஷாக்கும் ஒண்ணா சேந்த முன்பக்க சாமான், அதோட விலையில சின்ன பங்குகூட வராது அது.

அந்தக் கடுப்புலதான் இந்த விஷயத்த உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன். நம்ம ஆளுங்ககிட்ட கேட்டா நாலு பேர் நாலு விதமா சொல்வாங்க, "கேஸ் ஷாக் போடு வண்டி தூக்கிக்கும்"பார் ஒருத்தர், "ஷாக்கும் ஸ்ட்ரட்டும் ஒண்ணுதான்யா"ம்பார் இன்னொருத்தர், "ரீகண்டிஷன் பண்ணு, கால்வாசி காசுல முடிஞ்சிரும்"பார் மூணாவது ஆளு. கொஞ்சம் கொஞ்சம் உண்மை எல்லாத்துலயும் இருக்கு, அதான் பிரச்சனையே.

வண்டியத் தாங்குறது ஷாக் இல்ல

இது புரிஞ்சாலே பாதி குழப்பம் போயிரும். கார் வெயிட்ட தூக்கி நிக்கிறது ஸ்ப்ரிங். பள்ளத்துல சக்கரம் இறங்கினா நீளுறதும், மேட்டுல ஏறினா சுருங்குறதும் ஸ்ப்ரிங்தான். "ஷாக் அப்சார்பர்"னு பேர் வச்சவங்க யாருன்னு தெரிஞ்சா நாலு கேள்வி கேக்கணும், ஏன்னா அடிய வாங்கிக்கிறது ஸ்ப்ரிங், பேர் வாங்கிக்கிறது ஷாக்.

அப்ப ஷாக்குக்கு என்ன வேலை? ஊஞ்சல்ல ஒரு குழந்தைய உக்கார வச்சு ஒரு தள்ளு தள்ளிட்டு விட்டுருங்க, அது பாட்டுக்கு ரொம்ப நேரம் ஆடிட்டே இருக்கும், குழந்தை கால தரையில தேய்ச்சா ரெண்டு ஆட்டத்துல நின்னுரும். ஸ்ப்ரிங் அந்த ஊஞ்சல், ஷாக் தரையில தேயுற கால். ஷாக் இல்லாத கார் ஒரு பள்ளத்துல இறங்கினா அதுக்கப்புறம் படகு மாதிரி மேலயும் கீழயும் ஆடிக்கிட்டே போகும்.

அதனால "வண்டி முன்னாடி இறங்கிப்போச்சு, ஷாக் மாத்தணும்"னு யாராவது சொன்னா கொஞ்சம் நில்லுங்க. வண்டி தாழ்ந்திருந்தா சந்தேகம் முதல்ல ஸ்ப்ரிங் மேல வரணும், வருஷக்கணக்கா வெயிட் தாங்கி அது தளர்ந்திருக்கலாம், இல்ல கடைசிச் சுத்துல ஒரு துண்டு உடைஞ்சிருக்கலாம். சில பேர் இதுக்குன்னு ஸ்ப்ரிங் சுத்துக்கு நடுவுல ஒரு ரப்பர் வாங்கிச் சொருகிடுறாங்க. உயரம் என்னவோ கூடும், ஆனா அந்த இடத்துல ஸ்ப்ரிங் வேலை செய்யாது, மிச்ச ஸ்ப்ரிங் விறைப்பாயிரும், அந்த விறைப்ப அடக்குற அளவுக்கு உங்க ஷாக் செஞ்சது இல்ல. என்னைக் கேட்டா வேண்டவே வேண்டாம்.

சுருக்கமா: தூக்கி நிக்கிறது ஸ்ப்ரிங், ஆட்டத்த அடக்குறது ஷாக்.

உள்ள என்ன நடக்குது: பேங்க் கதவப் பாருங்க

பேங்க், மெடிக்கல் ஷாப், ஏசி போட்ட கடை எதுலயாவது கண்ணாடிக் கதவு மேல ஒரு டப்பாவும் மடங்குற கையும் இருக்கும், டோர் க்ளோசர். கதவ விட்டா அதுபாட்டுக்கு மெதுவா வந்து சாத்திக்கும். அந்த டப்பாக்குள்ளயும் ஒரு ஸ்ப்ரிங், கொஞ்சம் ஆயில், அவ்ளோதான். ஸ்ப்ரிங் கதவ இழுக்குது, ஆயில் சின்ன ஓட்டை வழியா போயாகணும்ங்கிறதால அவசரமா சாத்த விடாம புடிச்சுக்குது. ஆயில் லீக்கான க்ளோசர் இருக்குற கதவு எப்படி சாத்தும்னு தெரியும்ல, டமார்னு அடிக்கும். ஷாக் போன கார் அந்தக் கதவு மாதிரிதான்.

காருக்கு வருவோம். ஒரு குழாய், அதுக்குள்ள ஆயில், நடுவுல ஒரு பிஸ்டன், பிஸ்டன்ல இருந்து மேல வர்ற பளபளப்பான கம்பிக்கு பிஸ்டன் ராடுன்னு பேரு. சக்கரம் மேல கீழ போறப்ப பிஸ்டன் ஆயிலுக்குள்ள நகரணும், அதுல இருக்குற சின்ன ஓட்டைங்களையும் மெல்லிசான இரும்புத் தகடுங்களையும் தள்ளிக்கிட்டுதான் ஆயில் அந்தப் பக்கம் போகும். இந்த ஓட்டையும் தகடும் சேர்ந்ததுதான் வால்வு. வாளித் தண்ணில கைய மெதுவா நகத்தினா ஒண்ணும் தெரியாது, வேகமா நகத்தினா தண்ணி எதுத்து நிக்கும்ல, அதே கதைதான் இங்கயும், வேகமா அடி விழுந்தா எதிர்ப்பு கூடும். ஆட்டத்தோட சக்தி எல்லாம் ஆயில்ல சூடா மாறி குழாய் வழியா காத்துல போயிரும். நல்லா குலுங்குற ரோட்ல ஓட்டிட்டு வந்து ஷாக்க தொட்டுப் பாத்தா வெதுவெதுன்னு இருக்கும்.

இன்னொரு சின்ன விஷயம், எனக்குப் புடிச்ச விஷயமும் கூட. அழுத்துறப்ப இருக்குற எதிர்ப்பவிட இழுக்குறப்ப இருக்குற எதிர்ப்ப கம்பெனிக்காரங்க அதிகமா வச்சிருப்பாங்க, ஏன்னா மேட்டுல சக்கரம் ஏறுறப்ப ஸ்ப்ரிங் தாராளமா சுருங்கட்டும், ஆனா திரும்பி விரியுறப்ப ஆள மேல தூக்கி அடிக்கக் கூடாது. இந்த அளவுதான் ஒவ்வொரு மாடலுக்கும் வேற வேற, "பாத்தா ஒரே சைஸ்தான சார்"னு வேற வண்டி ஷாக்க எடுத்து மாட்டக் கூடாதுங்கிறதும் இதனாலதான்.

சரி, அப்ப ஸ்ட்ரட்னா?

சின்ன டீக்கடையில ஒரே ஆளு டீ ஆத்துவார், வடை போடுவார், கல்லாவுல காசும் வாங்குவார். ஸ்ட்ரட் அந்த ஆளு. ஷாக்குக்கு ஆட்டத்த அடக்குற வேலை மட்டும்தான், ஸ்ட்ரட்டுக்கு அதோட இன்னும் ரெண்டு. ஸ்ப்ரிங்க தன் மேலயே தாங்கிக்கணும், சக்கரம் எந்தக் கோணத்துல நிக்கணும்ங்கிறதையும் புடிச்சுக்கணும். ஸ்டீயரிங்க திருப்புறப்ப ஸ்ட்ரட்டே சக்கரத்தோட சேந்து சுத்தும். டீக்கடைக்காரர் லீவு போட்டா கடையே மூடின மாதிரி ஸ்ட்ரட்ட கழட்டிட்டா சக்கரம் நிக்கவே நிக்காது, வெறும் ஷாக்க கழட்டிட்டா வண்டி நிக்கும், ஓடக்கூட ஓடும், ஆடி ஆடி.

இந்த அமைப்புக்கு மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்னு பேரு. ஏர்ல் மெக்ஃபர்சன்ங்கிற அமெரிக்க இன்ஜினியர் 1940கள்ல ஜெனரல் மோட்டார்ஸ்ல செவர்லே கேடட்னு ஒரு சின்ன கார் வேலையில இருந்தார், 1947ல அந்தத் திட்டத்தையே மூடிட்டாங்க, மனுஷன் ஃபோர்டுக்கு போயிட்டார், அங்க 1950ல பிரிட்டன்ல வந்த ஃபோர்டு கான்சல், செஃபிர் கார்கள்ல இந்த அமைப்பு இருந்துச்சு. சாமான் கம்மி, இடமும் கம்மியாதான் புடிக்கும். இன்ஜின குறுக்கால வச்சு முன் சக்கரத்துக்கே பவர் கொடுக்குற சின்ன கார்களுக்கு இது ரொம்ப வசதியா போச்சு. 1983ல வந்த மாருதி 800 முன்னாடியும் இதுதான், ஆல்டோ, சான்ட்ரோ, ஸ்விஃப்ட் எல்லாத்துலயும் முன்னாடி இதுதான். அம்பாசிடர்ல இது கிடையாது, அதுல முன்னாடி டார்ஷன் பார், அதாவது முறுக்கிக்கிட்டு ஸ்ப்ரிங் வேலை பாக்குற கம்பி, பின்னாடி லாரி மாதிரி பட்டை ஸ்ப்ரிங்.

ஸ்விஃப்ட்ல பின்னாடி பாத்தீங்கன்னா ஸ்ப்ரிங் தனியா, ஷாக் தனியா நிக்கும். அதனால முன்னாடி இருக்குறது ஸ்ட்ரட், பின்னாடி இருக்குறது வெறும் ஷாக். பில்லுல ரெண்டையும் ஷாக்னே எழுதுவாங்க, நீங்க கேட்டுக்கங்க. பின்னாடி மாத்துறது ஈஸி, கூலியும் கம்மி, அலைன்மெண்ட்டும், அதாவது சக்கரம் நிக்கிற கோணமும் கெடாது.

கேஸ் ஷாக்: ஆயிலுக்கு பதிலா கேஸ் இல்லீங்க

கேஸ் ஷாக்குலயும் வேலை செய்யுறது ஆயில்தான். சோடா பாட்டில குலுக்கினா நுரைக்குதுல்ல, அதே மாதிரி பிஸ்டன் வேகமா மேல கீழ ஓடுறப்ப ஆயிலும் காத்தும் கலந்து நுரைக்கும், நுரைக்குள்ள பிஸ்டன் எந்த எதிர்ப்பும் இல்லாம ஓடும், ஷாக் அந்த நேரத்துக்கு செத்த மாதிரிதான். மூடியத் திறக்காத வரைக்கும் சோடாவுல நுரை கம்மியா இருக்கும், காரணம் உள்ள இருக்குற அழுத்தம். இங்கயும் நைட்ரஜன் கேஸ அழுத்தமா அடைச்சு வச்சா ஆயில் லேசுல நுரைக்காது. கேஸோட முக்கிய வேலை இவ்ளோதான். வண்டியத் தூக்கும்ங்கிறது ஏதோ கொஞ்சூண்டு உண்மை, தளர்ந்த ஸ்ப்ரிங்க அது காப்பாத்தாது.

இதுல ரெண்டு ஜாதி. குழாய்க்குள்ள இன்னொரு குழாய் இருந்து, வெளிக் குழாயில மிச்ச ஆயிலும் குறைஞ்ச அழுத்தத்துல கேஸும் இருந்தா ட்வின் ட்யூப். ஒரே குழாய்ல ஆயிலையும் அதிக அழுத்த கேஸையும் ஒரு மிதக்குற பிஸ்டன் போட்டு பிரிச்சிருந்தா மோனோ ட்யூப். நம்ம குடும்ப கார்கள்ல பெரும்பாலும் ட்வின் ட்யூப்தான். மோனோ ட்யூப் சூட்ட நல்லா தாங்கும், ஆனா விலை கூட, விறைப்பும் கூட. மலைப்பாதையில ரேஸ் விடுறவங்களுக்கு சரி, காலைல ஆபிஸ் சாயங்காலம் காய்கறி மார்க்கெட்னு போற பதினஞ்சு வருஷ வண்டிக்கு எதுக்கு?

போயிருச்சான்னு எப்படித் தெரியும்

ஷாக் ஒரே நாள்ல போகாது. கண்ணாடி பவர் கொஞ்சம் கொஞ்சமா கூடுறது நமக்கே தெரியாம, புதுக் கண்ணாடி போட்டதும் "அட, போர்டு இவ்ளோ தெளிவா தெரியுமா"ன்னு தோணும்ல, அது மாதிரி மெதுவா போகும், நாமளும் பழகிருவோம். பொதுவா 80,000 கிலோமீட்டர்ல செக் பண்ணச் சொல்வாங்க, ஆனா கணக்கு ரோட்டப் பொறுத்தது, பைபாஸ்லயே ஓடுன வண்டியும் தோண்டிப் போட்ட தெருவுல ஓடுன வண்டியும் ஒண்ணா?

பானட்ட அழுத்தி விட்டுப் பாக்குற டெஸ்ட்ட எல்லாரும் சொல்வாங்க. நாலு தடவை ஆடினா கண்டிப்பா ஷாக் காலி. ஆனா ஆடலேங்கிறதால நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல, கையால மெதுவா அழுத்துறப்ப புடிச்சு நிக்கிற ஷாக் எண்பதுல போறப்ப கைவிடலாம். இத நம்பாதீங்க, ஓட்டிப் பாருங்க. ஹைவேல பாலம் ஏறி இறங்குறப்ப வண்டி ஒரு தடவைக்கு மேல மிதக்குதா, பிரேக் போட்டா மூக்கு தடால்னு குனியுதா, வளைவுல நடுவுல ஒரு பள்ளம் வந்தா வண்டி பக்கவாட்டுல நழுவுற மாதிரி இருக்கா. டயர கையால தடவிப் பாத்தா அங்கங்க குழி குழியா தேஞ்சிருக்கா. குழாய் மேல ஆயில் வழிஞ்சு தூசி ஒட்டி கறுப்பா சேறு மாதிரி இருக்கா. ராடு பக்கத்துல லேசா ஈரம் மட்டும் இருந்தா பதற வேண்டாம், வியர்வை மாதிரி அது, வழிஞ்சாதான் ஆபத்து.

சத்தத்துக்கு வருவோம், என் காசு போன இடம். செத்த ஷாக் பெரும்பாலும் சத்தம் போடாது, அது வண்டிய மிதக்க விடும். மெதுவா போறப்ப சின்னப் பள்ளத்துல டொக் டொக்னா முதல்ல லிங்க் ராடு, சக்கரத்த கீழ்ப்பக்கம் புடிக்கிற லோயர் ஆர்ம்ல இருக்குற ரப்பர் புஷ், அதோட முனையில இருக்குற பால் ஜாயிண்ட் பாக்கச் சொல்லுங்க. நின்ன இடத்துல ஸ்டீயரிங்க முழுசா திருப்புறப்ப டங்னு ஸ்ப்ரிங் விட்டு அடிக்குற மாதிரி வந்தா, ஸ்ட்ரட்டோட மேல்பக்கம் பாடில உக்காந்திருக்குற ரப்பர்லயோ பேரிங்லயோ கோளாறு இருக்கலாம்.

சுருக்கமா: மிதந்தா ஷாக், டொக் டொக்னா முதல்ல மத்த சாமான்.

கடைக்குப் போறப்ப

பழைய வண்டிக்கு எது நல்ல பிராண்டுன்னு கேக்குறதுக்கு முன்னாடி ஒரு கேள்விய நீங்களே கேட்டுக்கங்க, இந்த வண்டிய இன்னும் எத்தனை வருஷம் வச்சுக்கப் போறீங்க? ஆறு மாசத்துல வித்துருவேன்னா அடுத்த ஆளுக்கு ஆபத்து இல்லாத அளவுக்கு ஒரு நல்ல சாதா ஷாக் போதும். நாலஞ்சு வருஷம் ஓட்டுவேன்னா ஃபேக்டரில இருந்து வந்த அதே தரம் போதும், அதுக்கு மேல போக வேண்டாம், இதுதான் என் கட்சி. வண்டியோட புஷ், ரப்பர், பாடி எல்லாம் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் பாத்த கிழடுங்க, அதுங்களுக்கு நடுவுல விறைப்பான ஸ்போர்ட்ஸ் ஷாக்க கொண்டுபோய் நிறுத்தினா ஒவ்வொரு அடியும் நேரா அந்தக் கிழட்டு ரப்பர்லயும் உங்க இடுப்புலயும்தான் இறங்கும்.

அந்தத் தரம் எங்க கிடைக்கும்? கார் கம்பெனியோட சொந்த ஸ்பேர்ஸ் ஒண்ணு, இல்லன்னா கார் கம்பெனிகளுக்கே ஷாக் செஞ்சு கொடுக்குற கேப்ரியல், மன்ரோ, கேஒய்பி மாதிரி பேருங்க. கேப்ரியலுக்கு நம்ம ஓசூர்லயே ஃபேக்டரி இருக்கு. சென்னைன்னா ஜிபி ரோட்ல விசாரிச்சுப் பாக்கலாம். புதுப்பேட்டை பழைய சாமான் கதவு, கண்ணாடி, லைட்டுக்கு சொர்க்கம், நானே போயிருக்கேன், ஆனா பழைய ஷாக் மட்டும் வாங்காதீங்க, உள்ள எவ்ளோ உயிர் மிச்சம் இருக்குன்னு வெளியில இருந்து பாத்துச் சொல்ல முடியாது. டூப்ளிகேட்டும் உண்டு, அதனால டப்பா, விலை ஸ்டிக்கர், பார்ட் நம்பர், பில் எல்லாம் பாத்து வாங்குங்க.

வாங்குறப்ப மாடல் பேர் மட்டும் சொன்னா பத்தாது. வருஷம், பெட்ரோலா டீசலா, ஏபிஎஸ் (பிரேக் போட்டா சக்கரம் லாக் ஆகாம பாத்துக்கிற அமைப்பு) இருக்கா இல்லையா, எல்லாம் சொல்லணும். டீசல் இன்ஜின் வெயிட் கூட, அதுக்கேத்த மாதிரி முன்னாடி ஸ்ப்ரிங்கும் ஸ்ட்ரட்டும் மாறும். அப்புறம் முன்னாடி ஸ்ட்ரட்ல டிரைவர் சைடு வேற, கிளீனர் சைடு வேற, பிரேக் ஹோஸ் புடிக்கிற கிளாம்ப் எந்தப் பக்கம்ங்கிறது மாறும், டப்பாவுல எழுதியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் மாத்துறது வேண்டாம், ஒரு கால்ல புது ஷூவும் ஒரு கால்ல தேஞ்ச செருப்பும் போட்டு ஓடுற மாதிரி, பிரேக் போட்டா ஒரு பக்கம் குனியும். முன்னாடின்னா முன்னாடி ரெண்டும், பின்னாடின்னா பின்னாடி ரெண்டும். நாலையும் ஒரே நாள்ல மாத்தணும்னு கட்டாயம் இல்ல.

ஸ்ட்ரட்டோட சேத்து மாத்த வேண்டிய மூணு சாமான்

மிச்சம் புடிச்ச காச இங்கதான் போடணும். ஸ்ட்ரட் மேல உக்காந்திருக்குற மவுண்ட், அதோட பேரிங். ராட்ல கோத்திருக்குற பம்ப் ஸ்டாப், அதாவது பெரிய பள்ளத்துல இரும்பும் இரும்பும் இடிக்காம தடுக்குற ஃபோம் கட்டி. ராடு மேல மண்ணு படாம மூடுற டஸ்ட் கவர். பழைய வண்டில பம்ப் ஸ்டாப்ப கையில எடுத்தா நாள்பட்ட பிஸ்கட் மாதிரி உதிரும். டஸ்ட் கவர் கிழிஞ்சிருந்தா மண்ணு ராட்ல ஒட்டி, ராடு உள்ள போறப்ப, ஆயில் வெளிய வராம தடுக்குற சீல உரசி உரசி அறுத்துரும். புது ஸ்ட்ரட்டுக்கு பழைய கவர், பழைய மவுண்ட்ட மாட்டினா அது ஆயுசு முடியுற முன்னாடியே போகும், திரும்ப பிரிக்க திரும்பவும் அதே கூலி. பல மெக்கானிக்குங்க "நல்லாதான் சார் இருக்கு"ன்னு பழசையே போட்டுருவாங்க, அதனால நீங்களே வாங்கிட்டு போயி கையில கொடுத்துருங்க.

ரீகண்டிஷன்

குழாய வெட்டி, ஆயில் மாத்தி, சீல் போட்டு, வெல்ட் வச்சு, பெயிண்ட் அடிச்சு தர்றாங்க. பிரிச்சு சர்வீஸ் பண்றதுக்குன்னே செஞ்ச விலை ஒசந்த ஷாக்குங்களுக்கு அது சரி. நம்ம சீல் பண்ண ஷாக்குல வால்வு தேய்மானம் அப்படியே இருக்கும், என்ன ஆயில் எவ்ளோ ஊத்தினாங்கன்னும் தெரியாது, ஸ்ட்ரட்ன்னா சக்கரத்தப் புடிச்சு நிக்கிற சாமான் வேற, அதுல வெட்டி ஒட்டின வெல்டிங்க நம்பி நான் குடும்பத்த ஏத்த மாட்டேன்.

மாட்டுறப்ப பக்கத்துலயே நில்லுங்க

ஸ்ப்ரிங்க கழட்ட ஸ்ப்ரிங் கம்ப்ரஸர்னு ஒரு டூல் இருக்கு, அது இல்லாம நட்ட கழட்டினா அழுத்தத்துல இருக்குற ஸ்ப்ரிங் ஆள அடிச்சிரும், வீட்ல நீங்களா முயற்சி பண்ணாதீங்க. அப்புறம், மேல் நட்ட முறுக்குறப்ப ராடு கூடவே சுத்தும், சில பேர் அவசரத்துல பளபளன்னு இருக்குற அந்த ராட கட்டிங் ப்ளேயர்ல புடிச்சு நிறுத்துவாங்க. அந்தக் கீறல் ஒவ்வொரு தடவையும் சீல கிழிக்கும், ஆறு மாசத்துல லீக் அடிச்சு "கம்பெனி சரியில்ல சார்"னு பழி ஷாக் மேல விழும். ராடு தலையில புடிக்கிறதுக்குன்னே வெட்டு இருக்கும், அதுல புடிச்சு முறுக்கணும்.

ட்வின் ட்யூப் ஷாக் கடையில படுத்தே கிடந்திருக்கும், உள்ள காத்து இடம் மாறியிருக்கும். மாட்டுறதுக்கு முன்னாடி நிமுத்தி வச்சு நாலஞ்சு தடவை முழுசா அழுத்தி இழுத்து விடச் சொல்லுங்க. ஸ்ட்ரட்ட சக்கரத்தோட சேக்குற போல்ட்ட கழட்டி மாட்டினாலே கோணம் மாறும், அதனால அன்னிக்கே வீல் அலைன்மெண்ட், நாளைக்குப் பாத்துக்கலாம்னா புது டயர் ஒரு பக்கமா தேயும்.

வேலை முடிஞ்சதும் பழைய ஸ்ட்ரட்டக் கேட்டு வாங்கி, ஸ்ப்ரிங் இல்லாம நிமுத்தி வச்சு ராட அழுத்திப் பாருங்க. நல்ல கேஸ் ஷாக் கைய எடுத்ததும் மெதுவா தானா மேல வரும். என்னோடதுல ஒண்ணு மெதுவா மேல வந்துச்சு, அதாவது இன்னும் உயிரோட இருந்தத கழட்டியிருக்கேன். இன்னொண்ணு வாஷர் போன சைக்கிள் பம்ப் மாதிரி சர்ருன்னு கீழ போயி அங்கயே நின்னுக்கிச்சு.